மழை நாளில் மட்டும் எண்ணிய பெட்டி

அத்தியாயம் மூன்று

ஓட்டோ முழுதாக நிற்பதற்குள் கௌசலா இறங்கிவிட்டாள்.

வீரபாகுவுக்கு அது பழகிப்போன எரிச்சல். பதினெட்டு வருஷம் வவுனியா–முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டராக நின்றவர் அவர். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிறவர்களை ஏசி ஏசியே தொண்டை கட்டிப்போனவர். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், சொந்த ஓட்டோவில், சம்பளம் தருகிற ஆளே குதிக்கிறாள். வாய்விட்டு ஏசவும் வழியில்லை.

"தங்கச்சி, இந்த வண்டியிலயும் பிரேக் எண்டு ஒண்டு இருக்கு. அதைக் கொஞ்சம் பாவிக்க விடுங்கோ."

"மணி என்ன அண்ணை?"

"பன்னிரண்டரை. இதுக்கு முந்திக் கேக்கேக்க பன்னிரண்டு இருபத்தெட்டு."

கௌசலா சிரிக்கவில்லை. பத்து வருஷம் வாகனக் காப்புறுதிக் கம்பனிக்காக மோதின வண்டிகளைப் பரிசோதித்துவிட்டு, வவுனியாவில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். வழக்கு முடியும்வரை அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இன்றைக்கு வழக்கு முடிய மூன்றரை மணித்தியாலம்தான் இருந்தது.

விஷயம் இதுதான். புளியங்குளத்துக்குக் கிழக்கே கற்சிலைக்குளம் வீதி. ஊரைத் தாண்டினால் ஓர் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட சீமெந்துப் பாதை ஒன்று, மழை வந்தால் மூழ்கிவிடும். அங்கே உயர்ந்த பாலம் கட்டினால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கணிக்க ஓர் ஆய்வுக்குழு வந்தது. குழுவின் கள ஆய்வாளர் சுதர்சினி, இருபத்தேழு வயது. வீதிக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் டியூப்களை இழுத்து ஆணியடித்து, ஓரத்துக் கம்பத்தில் ஒரு பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினாள். சில்லு டியூப்பில் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று பெட்டிக்கு ஓடும், பெட்டி எண்ணிக்கொள்ளும். ஏழு நாள் எண்ணியது. நேற்றுப் பின்னேரம் கழற்றிப் பார்த்தால் அந்த ஏழில் ஐந்து நாள் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலு வரை ஒரு வாகனமும் இல்லை. சுத்தமான பூச்சியம்.

அறிக்கை இன்று நாலு மணிக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அதே நாலு மணிக்கு இன்னொரு கடிதமும் போக இருந்தது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் கதிர்காமநாதன் அதை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுகிற டிப்பர் லொறிக்காரன் யோகநாதனிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு சுதர்சினி பகலில் மெஷினை நிறுத்திவிட்டாள் என்பது அதன் சாரம். ஆதாரம் தேடித் தரச் சொல்லிக் கௌசலாவைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

"ஆதாரம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் நாலு மணிக்குக் கடிதம் போகும்," என்று காலையில் சொல்லியிருந்தார். "மெஷினில பிழை வர வழியே இல்லைப் பிள்ளை. ஏழு நாளும் நான்தான் காவல். ஒரு மாடு முன்னால நிண்டாக் கூடத் துரத்தினனான்."

கடிதம் போனால் சுதர்சினியின் கதை முடிந்தது. கையூட்டுப் பழி விழுந்தவளை எந்த ஆய்விலும் சேர்க்கமாட்டார்கள்.

ஓட்டோ நின்றது யோகநாதன் வீட்டு வாசலில். அவன் முற்றத்தில் ஒரு டிப்பருக்குக் கீழே படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கௌசலா அந்தக் காலோடேயே விசாரணையைத் தொடங்கினாள்.

"சுதர்சினிக்குக் காசு குடுத்தியளோ?"

கால் ஒருமுறை துள்ளியது. ஆள் கிறீஸ் முகத்தோடு வெளியே வந்தான். கையில் டிப்பரின் அடியிலிருந்து கழற்றிய, இரண்டாக முறிந்த வில்லுத்தகடு.

"இந்த மாசம் இது மூண்டாவது, அக்கா. அந்த ஆத்துப் பாதையில இறங்கி ஏறித்தான் முறியுது. தண்ணி வந்தா இருபத்திரண்டு கிலோமீற்றர் சுத்திப் போறன். டீசல் ஆர் தாறது? பாலம் வந்தா முதல் தேங்காய் நான் உடைப்பன்."

"கூடப் பாரம் ஏத்திறது பெட்டிக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயமில்லையோ?"

"அது பாரம் நிறுக்காது, எண்ணும். அந்தப் பிள்ளையே வந்து விளங்கப்படுத்தினவா. என்ர டிப்பர் ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் எண்ணினாலும் எனக்குச் சந்தோசம்தான்."

ஓட்டோவில் ஏறியதும் வீரபாகு சொன்னார்: "உவன் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லுறவன் முறிஞ்ச தகட்டைத் தடவிக்கொண்டு நிக்கமாட்டான்."

"ஓம். எங்களுக்கு இருந்த ஒரே சந்தேக ஆளும் கையைவிட்டுப் போயிட்டான். மணி என்ன?"

"மணிக்கூட்டைக் கழட்டித் தாறன், நீங்களே கட்டிக்கொள்ளுங்கோ."

கற்சிலைக்குளம் வீதியில் திரும்பியதும் வீரபாகு வேகத்தைக் குறைத்தார். பெரும்போக அறுவடைக் காலம். வீதியின் பாதிக்கு மேல் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள், கண்ணுக்கெட்டின தூரம்வரை. மிச்சப் பாதியில் ஓட்டோ நெளிந்து நெளிந்து போனது. எதிரே ஓர் உழவு இயந்திரம் வந்தபோது ஒதுங்க இடமில்லாமல் பின்சில்லு ஒரு படங்கின் ஓரத்தில் ஏறி இறங்கிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு காவலிருந்த ஒரு மனுசி எழும்பி நின்று கம்பை ஆட்டினாள். பிறகு குனிந்து மடியிலிருந்த கொப்பியில் என்னவோ எழுதினாள்.

"சாபத்தையும் எழுதி வைக்கிற ஊர்," என்றார் வீரபாகு.

தேத்தண்ணிக் கடையில் சுதர்சினி மடிக்கணினியைத் திறந்து வைத்தபடி இருந்தாள். முன்னாலிருந்த தேத்தண்ணி ஆடை கட்டிப்போயிருந்தது. கழற்றிய டியூப்கள் வளையமாகக் கதிரையில் கிடந்தன.

"அக்கா, நான் ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்கு வந்து பாத்தனான். பின்னேரம் ஆறு மணிக்கும் வந்தனான். டியூப் அடிச்ச இடத்திலேயே இருந்தது. பகலில செட்டிகுளம் பக்கம் வேற வீதியில வேலை. என்ன நடந்தது எண்டு எனக்கே விளங்கேல்லை." மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாள். "அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

கௌசலா டியூப்பை எடுத்து விரலால் உருவினாள். விரலைப் பார்த்தாள். வீரபாகுவிடம் நீட்டினாள்.

"என்ன தெரியுது அண்ணை?"

"உங்கட விரல்."

"வேற?"

"ஒண்டுமில்லை. சுத்தமா இருக்கு."

"ஏழு நாள் ரோட்டில கிடந்தது. உங்கட டயர் எப்பிடி இருக்கு?"

வீரபாகு தன் ஓட்டோ டயரைத் திரும்பிப் பார்த்தார். சொல்லத் தேவையில்லை.

"நான் கழுவேல்லை அக்கா," என்றாள் சுதர்சினி. "கழட்டி அப்பிடியே சுருட்டினனான்."

"ஆரோ ஈரத்துணியால துடைச்சிருக்கினம். ஒரு நாளில்லை, நாளாந்தம். கெடுக்க வந்தவன் துடைச்சு வைக்கமாட்டான். இதைத் தொட்ட ஆளுக்கு இதில நல்ல அக்கறை இருந்திருக்கு." கௌசலா எழும்பி நடக்கத் தொடங்கினாள். கடைக்குள் நடக்க நாலடிதான் இடம். அந்த நாலடியைத் திரும்பத் திரும்ப நடந்தாள். "பூச்சியம் இல்லாத ரெண்டு நாளும் எது?"

"வெள்ளியும் சனியும். வெள்ளி நூற்றிப் பதினெட்டு, சனி நூற்றி முப்பத்தொண்டு."

"அந்த ரெண்டு நாளில என்ன விசேசம்?"

"மழை," என்றார் வீரபாகு. "வெள்ளி விடியத் தொடங்கி சனி இரவுதான் விட்டது. ஒரு ஹயர் ஓட்டமும் இல்லை. எப்பிடி மறப்பன்?"

சுதர்சினி தலையை ஆட்டினாள். "அதுதான் அக்கா என்ர தலை வெடிக்குது. ஈரம் பட்டாத்தான் இந்தப் பெட்டி பழுதாகும். வெயில் இதுக்கு ஒண்டும் செய்யாது. இது தலைகீழா நடந்திருக்கு."

"வெயில் வந்தா வேலைக்குப் போகாது, மழை வந்தாப் போகும். என்ர மச்சானும் இதே சாதி. ஆனா அவன் மழைக்கும் போகமாட்டான்," என்றார் வீரபாகு.

கௌசலாவின் நடை சட்டென்று நின்றது.

"அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ."

"மச்சானைப் பற்றியோ?"

"மழை பெஞ்சா இந்த ஊரில என்ன வேலை நிக்கும்?"

"எல்லாம்தான். கரண்ட் நிக்கும். மேசன் வேலை நிக்கும். நெல்லு…"

வீரபாகு வாயை மூடவில்லை. அப்படியே திரும்பி வீதியைப் பார்த்தார். சுதர்சினியும் பார்த்தாள். எட்டடி தூரத்தில், ஒன்றரை மணி வெயிலில், வீதி நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஓடித் திரிந்தார்கள்.

"நான் வாறது காலமை ஆறு மணி," என்று சுதர்சினி மெல்லச் சொன்னாள். "அப்ப படங்கு விரிக்கிறேல்லை. பின்னேரம் ஆறுக்கு அள்ளி முடிஞ்சிடும்."

"எட்டரைக்கு விரிச்சு நாலுக்கு அள்ளுவினம். படங்கு விரிக்க டியூப் இடைஞ்சல். மேல விரிச்சா, வாகனம் ஏறேக்க டியூப் துள்ளி நெல்லை எத்தும். அதால ஒரு பக்கத்து ஆணியில இருந்து கழட்டி, கம்பத்தடிக்குச் சுருட்டி, துடைச்சு வைச்சிருக்கினம். பின்னேரம் இருந்த மாதிரியே கொழுவியிருக்கினம். களவு இல்லை, கையூட்டு இல்லை. நெல்லுக் காய்ச்சல்தான்."

"ஆர்?" என்றார் வீரபாகு. அவரே பதிலும் சொன்னார். "அந்தக் கம்பு மனுசிதான்! பெட்டி கட்டின கம்பத்துக்குப் பக்கத்திலதான் இருந்தவ. வாங்கோ!"

சுதர்சினியும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். இந்த முறை பிரேக்கை மிதித்த காலோடேயே முதலில் குதித்தது வீரபாகு.

கம்போடு காவலிருந்தவள் மீனம்மா. அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்ததே கற்சிலைக்குளத்தில்தான், ஆனாலும் தகப்பன் பேச்சு நாக்கைவிட்டுப் போகவில்லை. ஓட்டோவைக் கண்டதும் கம்பை எடுத்துவிட்டாள்.

"நெல்லு மேல ஏத்துன வண்டி இதுதானே? நம்பரு எழுதிட்டேன், சொல்லிட்டேன்."

"அதை விடுங்கோ அக்கா," வீரபாகு குரலைக் கடுமையாக்கினார். "ரப்பர் டியூப்பைக் கழட்டினது நீங்கள்தானே?"

"நானா? நல்லாருக்கே கதை. என் படங்கு அந்தா, அங்கிட்டுல இருந்துதான் ஆரம்பம். கம்பத்துக்கிட்ட விரிக்கிறது நம்ம தலைவரு ஐயாங்க. அவருதான் தினமும் அதைச் சுருட்டுவாரு. வேட்டித் துணியில துடைப்பாரு. சாக்குப் போட்டு மூடி வைப்பாரு. சொந்தப் புள்ளையைக்கூட யாரும் அப்புடிப் பாக்க மாட்டாங்க."

வீரபாகு கௌசலாவைப் பார்த்தார். கௌசலா கண்களை மூடித் திறந்தாள். குற்றவாளியைப் பிடிக்கச் சொல்லி அனுப்பிய ஆளே குற்றவாளி.

"இதுக்கு ஆரிட்டச் சம்பளம் கேக்கிறது தங்கச்சி?" என்று வீரபாகு காதுக்குள் கேட்டார்.

சாப்பிடப் போயிருந்த கதிர்காமநாதன் வெறும் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது மணி இரண்டே முக்கால். கடிதத்தின் வெள்ளை நுனி சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

"ஆதாரம் கிடைச்சதோ பிள்ளை?"

"கிடைச்சது ஐயா. டியூப்பை நாளாந்தம் எத்தினை மணிக்குச் சுருட்டினனீங்கள்?"

"எட்டரைக்கு." அவர் தயங்கவே இல்லை. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாலு மணிக்குத் திருப்பிக் கொழுவிப்போடுவன். அரசாங்கச் சாமான் எண்டு பெட்டியில எழுதியிருக்கு. இந்தப் பிள்ளையும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனது. லொறி ஏறி நசிஞ்சா ஆர் பொறுப்பு? மழை நாளில நெல்லு விரிக்கேல்லை, அப்ப விட்டிட்டன். ஆனா மெஷினை நான் தொடேல்லை. பெட்டி கட்டின இடத்திலேயே இருந்தது, ரோட்டைப் பாத்தபடி."

"ஐயா, பெட்டிக்குக் கண் இல்லை. அந்த டியூப்தான் அதுக்குக் காது."

ஒரு லொறி வந்தது. எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். லொறி போன பிறகும் கதிர்காமநாதன் ஒதுங்கின இடத்திலேயே நின்றார். பெட்டி கட்டியிருந்த கம்பத்தைப் பார்த்தார், தன் படங்கைப் பார்த்தார். பிறகு சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாக அந்தப் பாலத்துக்கு மனு எழுதினவர் அவர்தான். மாவட்டத்தில் அவர் கையெழுத்துப் போகாத அலுவலகம் இல்லை.

"நானோ?" என்றார். "நானோ கெடுத்தனான்?"

வீரபாகுவுக்கு ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. ஆளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். பாவமாக இருந்தது.

சுதர்சினி மட்டும் அமைதியாகவில்லை. "கடிதம் போகாது, சரி. ஆனா ஐஞ்சு நாள் பகல் எனக்கு இல்லை. திருப்பி எண்ண இந்த வருசம் காசும் இல்லை, நேரமும் இல்லை. 'தரவு இல்லை' எண்டு எழுதினா இந்த வீதியைப் பட்டியலில இருந்து வெட்டிப்போடுவினம். சனத்துக்கு ஒழுங்கா விளங்கப்படுத்தாதவள் எண்டு என்னையும் வேலையில இருந்து எடுத்துப்போடுவினம். அது பொய்யும் இல்லை. டிப்பர்காரருக்குச் சொன்னனான், ஐயாவுக்குச் சொல்லேல்லையே." அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போன ஐஞ்சு பகலை இனி எங்க போய் எண்ணுறது?"

மூன்று மணியாகிவிட்டது. கௌசலா படங்கின் ஓரமாக மேலும் கீழும் நடந்தாள். மூன்றாவது திருப்பத்தில் மீனம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, எங்கட ஓட்டோ நம்பரை எழுதினனீங்கள் எண்டு சொன்னீங்களே. நெல்லில ஏத்தினதுகளை மட்டுமோ எழுதிறனீங்கள்?"

"எல்லாத்தையும் எழுதுவேன்," என்றாள் மீனம்மா. "போன வருசம் ஒரு லாரிக்காரன் மூணு மூட்டை நெல்லை நசுக்கிட்டுப் போயிட்டான். பொலிசுக்குப் போனா, எந்த வண்டி, எத்தனை மணி, எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். எவன் ஏத்துவான்னு முன்கூட்டித் தெரியுமா? அதுனால நெல்லு விரிச்சா வர்றது போறது எல்லாம் எழுதிருவேன். ஏத்துனவனுக்குப் பக்கத்துல ஒரு புள்ளடி."

"உது அவவின்ர ஏச்சுக் கொப்பி எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்," என்றார் கதிர்காமநாதன் தலையைத் தூக்கி.

"நீங்க கேக்கலையே ஐயா. கூட்டத்துக்கும் எங்களைக் கூப்புட மாட்டீங்க."

சுதர்சினி கொப்பியை இரண்டு கையாலும் வாங்கினாள். பள்ளிக்கூடக் கொப்பி, எண்பது பக்கம். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளியும் சனியும் வெறுமை. பிறகு ஞாயிறு, திங்கள். பெட்டி செவிடாக இருந்த ஐந்து பகலும் வரிவரியாக அங்கே இருந்தன: நேரம், நம்பர், என்ன வண்டி, எந்தப் பக்கம், என்ன ஏற்றியது. சிலவற்றுக்குப் பக்கத்தில் மீனம்மாவின் சொந்த அபிப்பிராயமும் இருந்தது. அவற்றைக் கொழும்புக்கு அனுப்ப முடியாது.

"வெயிலுக்கு மீனம்மா, மழைக்குப் பெட்டி," என்றார் வீரபாகு. "ஏழு நாளும் நிரம்பிச்சுது. வாசியுங்கோ, நான் கோடு போடுறன். பதினெட்டு வருசம் ஆள் எண்ணின கை இது."

சுதர்சினி வாசித்தாள். வீரபாகு கோடு போட்டார், கௌசலா கணினியில் ஏற்றினாள். மூன்று இருபது. மூன்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வந்ததும் வாசிப்பு நின்றது.

"ஏன் நிண்டுட்டீங்கள்?" கௌசலா அதட்டினாள். "நேரம் போகுது."

"பத்து நாற்பதுக்கு ஒரு அம்புலன்ஸ் ஆத்துப் பக்கம் போயிருக்கு. பத்து ஐம்பத்தைஞ்சுக்கு அதே நம்பர் திரும்பி வந்திருக்கு. 'வெறும் வண்டி' எண்டு எழுதியிருக்கு." சுதர்சினி நிமிர்ந்தாள். "என்ன அக்கா இது?"

"மழை விட்டாலும் ஆத்துல தண்ணி வடியலைல்ல," என்றாள் மீனம்மா. "அக்கரையில நிறைமாசமா இருந்த நிரோஜாவுக்கு வலி. வண்டி போயிப் பாத்துட்டுத் திரும்பிருச்சு. அப்புறம் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினு இழுக்குற பெட்டியில ஏத்தித் தண்ணிக்குள்ளாற இறக்குனாங்க. நடு ஆத்துலயே புள்ளை பொறந்துருச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, சாமி புண்ணியம். நாங்கதான் படங்கை மடக்கி வழி விட்டோம்."

அம்புலன்ஸுக்கு இரண்டு கோடு போட வந்த வீரபாகுவின் பேனா அப்படியே நின்றது.

"டியூப் கிடந்திருந்தா ரெண்டு வாகனம் எண்டுதான் எண்ணியிருக்கும்," என்றாள் சுதர்சினி. "போக்குவரத்து நல்லா நடக்குது எண்டு நானும் எழுதியிருப்பன்."

கதிர்காமநாதன் எழும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தார், கிழிக்கவில்லை. முதற்பக்கம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பி வீரபாகுவின் பேனாவை வாங்கினார். ஐந்து பகலும் டியூப்பைக் கழற்றியது தானே என்றும், ஆய்வாளர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் எழுதினார். பெயர் போடும் இடத்தில் கை ஒரு கணம் நின்றது. பிறகு முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மூன்று ஐம்பத்தேழுக்கு அறிக்கை போனது. படிவத்தில் 'எண்ணும் கருவி' என்ற இடத்தில் சுதர்சினி பெட்டியின் இலக்கத்தை அடித்தாள், அதற்குக் கீழே மீனம்மாவின் பெயரை அடித்தாள். கொப்பியின் பக்கங்களையும் கதிர்காமநாதனின் தாளையும் படம் எடுத்துச் சேர்த்தாள்.

நாலு மணியானதும் மீனம்மா நெல் அள்ளப் போய்விட்டாள். மற்றவர்கள் தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். கௌசலா மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். வீரபாகு மணிக்கூட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

நாலு பன்னிரண்டுக்குத் தொலைபேசி அதிர்ந்தது, கொழும்பிலிருந்து செய்தி. சுதர்சினி உரக்க வாசித்தாள்: "விளக்கம் ஏற்கப்பட்டது. ஆய்வை நீரே தொடரவும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் தெளிவில்லை. திரும்பப் படம் எடுத்து அனுப்பவும். அம்புலன்ஸ் வரி முழுதாகத் தெரிய வேண்டும்."

அவள் கொப்பியைப் படங்கின்மேல் விரித்தாள். காற்று பக்கத்தைத் தூக்கியது. கதிர்காமநாதன் நெல்லுக்குள் முழங்கால் போட்டு இருந்து, கொப்பியின் இரண்டு ஓரத்தையும் கையால் அமத்திப் பிடித்தார்.

"எடு பிள்ளை," என்றார். "நான் விடமாட்டன்."